புதியது வந்ததனால் பழையது பழுதாகிவிடாது

இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை, அமெரிக்காவில் தோல் மேற்சட்டை அணிந்த ஒருவர் மேடையேறி ஒரு கறுத்தப் பொருளைக் கையில் தூக்கிக் காட்டுகிறார். என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங்தான் அவர். அவர் மேடையை விட்டு இறங்குவதற்குள் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் எங்கள் ஆலையடிவேம்பிலும் சில வீடுகளில் ஒரு பொருள் திடீரென்று பழையதாகிவிடுகிறது. நேற்றிரவு வரை நன்றாக ஓடிய பொருள். இன்று காலையிலும் நன்றாகத்தான் ஓடுகிறது. அதை வைத்திருக்கும் பிள்ளையின் முகம் மாத்திரம் வாடிவிடுகிறது.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். வரைகலை அட்டை என்று எழுதினால் தமிழ் வாழும், வாசகர் ஓடிவிடுவார் என்பதால் புழக்கத்திலுள்ள சொல்லையே கையாள்கிறேன். கணினி விளையாட்டின் காட்சியை விநாடிக்கு அறுபது தடவையோ நூற்றிருபது தடவையோ வரைந்து திரைக்கு அனுப்புவது இதன் வேலை. உயர்தரக் கார்டு ஒன்றை வாங்கியவர் எப்போது அதை மாற்ற வேண்டும் என்பதே கேள்வி. இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சமாச்சாரம் என்று எண்ணும் பெரியவர்கள் ஒரு சிறிய கணக்கைப் பார்க்கவும். 2025 ஜனவரி 30 ஆம் திகதி விற்பனைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 5090 இன் அறிவிக்கப்பட்ட விலை 1999 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே ஆறு இலட்சம். வரி, கப்பல் கூலி, கொழும்புக் கடைக்காரரின் இலாபம் எல்லாம் இதற்கு மேல். அதே ஆண்டு பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோவுக்கு 120 ரூபாய். ஆக, ஒரு கார்டு ஐயாயிரம் கிலோ நெல். எங்கள் வட்டைகளில் நல்ல போகம் அமைந்தால் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் வேளாண்மையின் முழு விளைச்சல் அது. உழவுக்கூலி, பசளை, மருந்து, வெட்டுக்கூலி எதையும் கழிக்காமல்.

இவ்வளவு பெரிய தொகையைச் செலவிடும் நாளை யார் தீர்மானிப்பது? வாங்குபவரின் தேவையா, விற்பவரின் நாட்காட்டியா? இன்றைய நிலையில் விற்பவரின் நாட்காட்டிதான் தீர்மானிக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு.

இதில் ஒரு பத்திரிகைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். செய்தி மேசையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவனுக்குச் செய்தி எது, செய்தியின் சட்டையை மாட்டிக்கொண்டு வரும் விளம்பரம் எது என்பது மணத்திலேயே தெரிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு உலகில் இரண்டாவதன் மணமே மிகுதியாக வீசுகிறது.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த கண்காட்சியில் ஹுவாங் ஒரு வாக்கியம் சொன்னார். 549 டொலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 5070, அதற்கு முந்தைய தலைமுறையின் 1599 டொலர் ஆர்டிஎக்ஸ் 4090 இன் ஆற்றலைத் தரும் என்பதே அதன் சாரம். அன்றிரவே அது தலைப்புச் செய்தி. 4090 வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். அந்த வாக்கியத்தின் உள்ளே இருந்த சூத்திரம் இதுதான். 4090 ஆனது, தான் உண்மையில் வரையும் ஒவ்வொரு பிரேமுக்கும் இடையே செயற்கை நுண்ணறிவினால் ஊகித்த ஒரு பிரேமைச் செருகும். 5070 ஆனது உண்மையான ஒரு பிரேமுக்கு மூன்று ஊகப் பிரேம்களைச் செருகும். முன்னது 60 பிரேம் வரைந்து 120 காட்டும். பின்னது 30 பிரேம் வரைந்து அதே 120 ஐக் காட்டும். மூலையில் தெரியும் எண் ஒன்றுதான், வேலை பாதிதான். விளையாடுபவரின் கை அசைவுக்குப் பதிலளிப்பது உண்மையான பிரேம் மாத்திரமே ஆகையால், திரை வழுவழுப்பாக ஓடும், கைக்கு மட்டும் கனமாக இருக்கும். அந்தக் கார்டு பரிசோதகர்களின் கைக்கு வந்தபோது, ஊகப் பிரேம்களை நிறுத்திவிட்டு அளந்தவர்கள் அது 4090 க்கு வெகு தூரம் பின்னால் நிற்பதைக் காட்டினார்கள். பால் என்று விற்றது தண்ணீர் கலந்த பால் என்று அளந்து சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் தலைப்புச் செய்தி ஓடி முடிந்துவிட்டிருந்தது.

அளந்து சொல்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதும் பதிவாக வேண்டும். 2020 டிசம்பரில் ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் என்ற அவுஸ்திரேலிய யூடியூப் தளத்துக்கு, இனிமேல் பரிசோதனைக் கார்டுகள் அனுப்பப்படமாட்டா என்று என்விடியா தரப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. குற்றம் என்ன? ரே ட்ரேசிங் என்னும் ஒளி அமைப்பு வசதியைப் போதிய அளவு புகழவில்லையாம். ஆசிரியபீடப் போக்கை மாற்றினால் மீண்டும் யோசிக்கலாமாம். எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 வெளிவந்தபோது சுயாதீனப் பரிசோதகர்களுக்கு விற்பனை நாளுக்கு முன்னர் இயக்கி மென்பொருள் கிடைக்கவில்லை. கம்பனியின் நிபந்தனைகளுக்கு இணங்கி ‘முன்னோட்டம்’ எழுத உடன்பட்ட சிலருக்கு மாத்திரம் அது கிடைத்தது. எங்கள் தொழிலில் இதற்கு வேறு பெயர் உண்டு. கச்சேரி அதிகாரி ஒருவர், ‘என்னைப் பாராட்டி எழுதும் நிருபருக்கு மட்டுமே செய்தி தருவேன்’ என்றால் நாம் என்ன சொல்வோமோ, அதேதான் இங்கும் சொல்ல வேண்டும்.

அவசரம் எத்தகைய நட்டத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்கு 2020 செப்டெம்பரை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அம்மாதம் முதலாம் திகதி, 499 டொலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 3070, முன்னைய உச்சக் கார்டான 2080 டிஐ இற்கு நிகரானது என்று அறிவிக்கப்பட்டது. 2080 டிஐ 2018 இல் கம்பனியாலேயே 1199 டொலருக்கு விற்கப்பட்ட சாமான். அறிவிப்பைக் கேட்ட பலர், இனி இதை எவர் வாங்குவார் என்று பதறி, நானூறு ஐந்நூறு டொலருக்கு அள்ளிக்கொடுத்தார்கள். பிறகு புதிய கார்டுகளை வாங்கப் போனபோது கடை வெறுமை. விற்பனை தொடங்கிய நிமிடங்களிலேயே சரக்கு தீர்ந்தது. இணையத் தரகர்கள் இரட்டை விலை கேட்டார்கள். அடுத்து எதீரியம் நாணயத்தைத் தோண்டுபவர்கள் மீதியையும் வாரிச் சென்றார்கள். 2021 இல் அதே பழைய 2080 டிஐ, பதறி விற்றவர் பெற்றதைப் போல் இரு மடங்குக்குக் கைமாறியது. கையிலிருந்ததை விற்றுவிட்டு வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள்.

மறுபக்கத்தில் 1080 டிஐ என்ற கார்டின் கதை இருக்கிறது. 2017 மார்ச்சில் 699 டொலருக்கு வந்தது. 11 ஜிகாபைட் நினைவகம். 250 வாட் மின்சாரம். அடுத்த ஆண்டு 2080 டிஐ வந்து ரே ட்ரேசிங் என்று ஆர்ப்பரித்தபோது, அவ்வசதியைப் பயன்படுத்தும் விளையாட்டு ஒன்றுகூடச் சந்தையில் இருக்கவில்லை. முதலாவது விளையாட்டுக்கு அது நவம்பரில்தான் வந்து சேர்ந்தது. இல்லாத சாலைக்கு வாகனம் விற்றது போல. 1080 டிஐ வைத்திருந்தவர் எவர் பேச்சையும் கேளாமல் இருந்திருந்தால் 2018 ஐயும், 2020 இன் தட்டுப்பாட்டையும், 2021 இன் கொள்ளை விலையையும் வீட்டில் இருந்தபடியே கடந்திருப்பார்.

அவர் உண்மையாகவே சுவரில் முட்டிய நாள் எது? அதுதான் நாம் அறிய வேண்டியது. 2023 ஒக்டோபரில் அலன் வேக் 2 வந்தபோது, மெஷ் ஷேடர் என்ற வசதி இல்லாத பழைய கார்டுகள் அதில் தடுமாறின. அடுத்த ஆண்டு ஒரு திருத்தத்தினால் நிலைமை ஓரளவு சீரானது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் விளையாட்டும் ரே ட்ரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் விளையாட முடியாதவை. 2025 ஒக்டோபருடன் அத்தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கி மென்பொருளும் நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும் என்றார்கள். ஏழெட்டு ஆண்டுகள் உழைத்த பின்னர் வந்த சுவர் இது. இதை நான் மதிக்கிறேன். விளையாட்டு திறக்கவே மறுத்தால் கார்டு மாற்றுவதில் வாதத்துக்கு இடமில்லை. நினைவகம் போதாமையும் அத்தகையதே. 8 ஜிகாபைட் நினைவகம் நிரம்பி வழியும்போது காட்சி வெட்டி வெட்டி நகரும், சுவர்களும் முகங்களும் மங்கித் தெரியும். எந்த இயக்கி மென்பொருளாலும் அதை முழுதாகத் தீர்க்க இயலாது. ‘அல்ட்ரா’ என்றிருந்த தரத்தை ‘ஹை’ என்று ஒரு படி இறக்க வேண்டியிருக்கிறது என்பதோ வேறு விடயம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாத இடங்களே அதிகம். அந்த ஒரு படிக்காக இரண்டரை ஏக்கர் வேளாண்மையைக் கொடுக்கச் சொல்பவரை என்னவென்று அழைப்பது?

முறைக்கு மருமகனான ஓர் இளைஞர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். அவரிடமிருப்பது 3080, 10 ஜிகாபைட், 1440 வரித் திரை. 5090 வாங்க வேண்டும், தாயாரின் காப்பை வங்கியில் அடகு வைக்கப் போகிறேன், தகப்பன் கட்டாரிலிருந்து அனுப்பும் பணத்தில் மீட்டுவிடலாம், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மாமா என்றார். என்ன விளையாடுகிறீர் என்று கேட்டேன். பெரும்பாலும் வலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக், இடைக்கிடை சைபர்பங்க். பிரேம் விழுகிறது என்பது முறைப்பாடு. திரைத் தெளிவை 1440 இலிருந்து 1080 க்கு இறக்கிப் பாரும் என்றேன். வலரன்டில் பிரேம் ஒன்றுகூட ஏறவில்லை. கார்டுதான் குற்றவாளி என்றால், வரைய வேண்டிய அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தவுடன் பிரேம் பாய்ந்து ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் தடை மத்திய செயலியில் இருக்கிறது. 5090 ஐச் செருகினாலும் அதே எண்தான் வரும். சைபர்பங்க் விளையாட்டில் பிரேம் ஏறத்தான் செய்தது, ஆனால் கார்டின் வெப்பமும் எல்லையை எட்டியிருந்தது. பெட்டியைத் திறந்தார். கடற்கரையிலிருந்து நடை தூரத்தில் உள்ள வீடு. உப்புக்காற்றில் ஊறிய தூசி விசிறியின் இதழ்களில் களி போலப் படிந்திருந்தது. வெப்பம் கூடினால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எந்தக் காணொளியும் அதைப் பற்றி அவருக்கு ஆவேசமூட்டவில்லை, அவ்வளவே. தூசி தட்டி, வெப்பப் பசை மாற்றி, தரத்தை ஒரு படி இறக்கியதுடன் கதை முடிந்தது. காப்பு தாயாரின் கையிலேயே இருக்கிறது.

உயர்தரக் கார்டுகளில் தலைமுறை மாற்றம் எதைத் தருகிறது என்பதையும் அளந்து பார்க்கலாம். 4090 இலிருந்து 5090 க்கு விலை 1599 இலிருந்து 1999 ஆக, அதாவது 25 வீதம் கூடியது. மின்சாரம் 450 வாட்டிலிருந்து 575 வாட்டாக, அதாவது 28 வீதம் கூடியது. 4கே திரையில் ஆற்றல் கூடியது, விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபட்டாலும், 25 முதல் 35 வீதம் வரை. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: கூடுதலாகக் கிடைத்ததற்கு ஏறத்தாழ அதே விகிதத்தில் காசும் கரண்டும் பிடுங்கப்பட்டிருக்கிறது. தொழில்நுட்பம் முன்னேறியது என்பதை விட, பாத்திரம் பெருத்தது என்பதே பொருத்தம். 575 வாட் கார்டு முழு வேகத்தில் நாளுக்கு நான்கு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 69 அலகு. அது கார்டுக்கு மட்டும். இலங்கையில் அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடும் படிமுறைக் கட்டணம் என்பதைப் பட்டியல் கட்டும் தகப்பன்மார் அறிவார்கள். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறிய காலத்தை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் குறைந்தது, மறுபடி கூடியது. ஆயிரம் வாட் மின்வழங்கி ஒன்றும் புதிதாக வாங்க வேண்டும் என்பதைக் காணொளிக்காரர் கடைசி நிமிடத்தில், வாய்க்குள் சொல்லுவார்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வாதம் ஒன்றை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பொறுத்திரு, பொறுத்திரு, அடுத்தது மலிவாக வரும் என்று ஓதுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடனும் எனக்கு உடன்பாடில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ஐ எட்டியது. 699 டொலர்ச் சாமான் ஒன்று இரண்டு மாதத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு உட்பட்ட நிலையிலிருந்து இரண்டரை இலட்சமாயிற்று. கம்பனி ஒரு சதம்கூட ஏற்றவில்லை. மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்ததனால், முன்கூட்டி வாங்கியவரும் கார்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பது வேறு கதை. டொலரில் விலையிட்டு ரூபாயில் சம்பளம் வாங்கும் நாட்டில், பொறுமைக்கு வட்டி கிடைக்கும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது.

இன்னுமொன்று. நாம் இப்போது என்விடியாவின் முதல் வரிசை வாடிக்கையாளர்கள் அல்லர். 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் விளையாட்டுப் பிரிவு 12.5 பில்லியன் டொலர் ஈட்டியது. தரவு மையப் பிரிவு அதற்குப் பின்னால் 10.6 பில்லியன். மூன்றே ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில், தரவு மையம் 115 பில்லியன், விளையாட்டு 11.4 பில்லியன். 2025 இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் சில்லறைச் சந்தையில் நினைவக விலை ஏறியது. டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் தன் குரூஷியல் சில்லறை வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது. பந்தியில் முதலில் அமர்ந்தவன் இப்போது இலை எடுக்கும் நேரத்தில் கூப்பிடப்படுகிறான். ஆகவே முன்னைய காலம் போல, புதியது வந்ததும் பழையது பாதி விலைக்கு வரும் என்று கணக்குப் போடுவதும் பலிக்காமல் போகலாம்.

அப்படியானால், சுவரில் உண்மையாக முட்டியவர் தயங்கக்கூடாது. அளந்து பார்த்து, தடை கார்டில்தான் என்று உறுதி செய்து, தான் விளையாட விரும்பும் விளையாட்டு ஓடவில்லை என்று கண்டவர், கையில் காசும் இருந்தால், அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே வாங்கட்டும். உச்சக் கார்டைத் தொடாமல் ஒரு படி கீழே இறங்கி வாங்கட்டும். விலையின் கொழுப்பு உச்சியில்தான் இருக்கிறது. புதியது கையில் கிடைக்கும் வரை பழையதை விற்காதிருக்கட்டும். கலியாண வீடியோ தொகுத்துப் பிழைக்கும் தம்பிமாருக்கு நான் இதில் எதுவும் சொல்ல வரவில்லை. அவர்களுக்குக் கார்டு உழவு யந்திரம் மாதிரி. ஒரு வேலைக்கு எத்தனை மணித்தியாலம் மிச்சம், மாதத்துக்கு எத்தனை வேலை கூடுதல் என்று எழுதிக் கூட்டினால் விடை தானாக வரும்.

என் கோபம் எல்லாம், தமிழில் அழகாகப் பேசத் தெரிந்த, இலட்சக்கணக்கானோர் பார்க்கும் காணொளிகளைச் செய்யும் நம் பிள்ளைகள் மீது இருக்கிறது. சென்னையிலும் ரொறன்ரோவிலும் இருந்து நீங்கள் பேசுவதை இங்கே காப்பு அடகு வைக்கும் நிலையிலுள்ள ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த கார்டு வரும்போது உங்கள் அட்டவணையில் அதற்கு முந்தைய தலைமுறையை மட்டும் வைத்து நிறுத்தாதீர்கள். ஐந்து ஆண்டுப் பழைய கார்டுக்கும், எட்டு ஆண்டுப் பழைய கார்டுக்கும் ஆளுக்கு ஒரு வரி கொடுங்கள். ஊகப் பிரேம்களை நிறுத்திய எண்ணை மேலே போடுங்கள். அந்தக் கார்டு உங்களுக்கு இலவசமாக வந்ததா, விலைக்கு வாங்கியதா என்பதைக் காணொளியின் முதல் நிமிடத்தில், வாய் திறந்து சொல்லுங்கள்.